ஒட்டகமும் அறுபத்தொரு துளிகளும்

குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. இதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்களா என்று என் அக்கா புருஷன் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் கேட்பார். கொடுக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் கார்ட்டூன் படம் எடுக்கிற எங்கள் ஸ்டுடியோவில் பதினோரு வருடமாக நான் சரிபார்ப்பவள். பெயர் வெர்னா ஸ்லாமா. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. கிளிஃப் மேப்ரி மட்டும் அதை முகத்துக்கு நேராகவே சொல்வான்.

எங்கள் முற்றத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு கட்டடங்கள். அந்தப் பக்கத்தில் ஆண்கள் உட்கார்ந்து காகிதத்தில் பென்சிலால் வரைவார்கள். இந்தப் பக்கத்தில் நாங்கள் முப்பது பெண்கள். ஒருத்தி அந்தப் பென்சில் படத்தின் மேல் கண்ணாடிபோல் தெரியும் ஒரு தாளைப் பொருத்தி, மைப் பேனாவால் கோட்டை அப்படியே நகலெடுப்பாள். அடுத்தவள் தாளைத் திருப்பிப் போட்டு வண்ணம் தீட்டுவாள். காய்ந்ததும் அது என் மேசைக்கு வரும். பென்சில் படமும் தாளும் ஒத்துப்போகின்றனவா, எந்தத் தாள் எந்த நொடியில் காமிராவுக்குக் கீழே நிற்க வேண்டும் என்று எழுதிய கட்டத்தாளோடு எல்லாம் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். சரி என்றால் ஓரத்தில் என் பெயரின் இரண்டு எழுத்துகளைப் போடுவேன். தப்பு என்றால் மஞ்சள் காகிதத் துண்டு ஒன்று எழுதுவேன். அதில் என்ன தப்பு, யார் செய்தது, என்ன செய்ய வேண்டும் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். முதல் இரண்டை நான் நிரப்புவேன், மூன்றாவதை இயக்குநர் நிரப்புவார், கடைசியில் முதலாளி கையெழுத்துப் போடுவார். என் எழுத்து விழாத தாள் காமிராவுக்குப் போனதில்லை. தப்பான தாளில் என் எழுத்து விழுந்ததும் இல்லை.

பெண்கள் வேலை செய்யும் அறையின் சுவரில் முதலாளி மிஸ்டர் கிரிம்ஷா ஓர் அறிவிப்பு மாட்டியிருந்தார். கோட்டை மாற்றுகிறவள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் இந்த மேசைக்கு வருவதற்கு முந்தின வருடம் ஒரு பெண் ஒரு நீர்யானையின் இடது கன்னத்தில் ஒரு மச்சம் வைத்துவிட்டாள். முதலாளிக்கும் இடது கன்னத்தில்தான் மச்சம். அந்த நீர்யானை நாடு முழுவதும் தியேட்டர்களில் ஓடியது. அந்தப் பெண் அன்று மாலையே வெளியே போனாள்.

ஐம்பத்திரண்டாம் வருட இலையுதிர் காலத்தில் நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த படத்தின் பெயர் 'ஒழுகும் ராக்கெட்'. அந்த வருடம் ஊருக்கே ராக்கெட் பைத்தியம் பிடித்திருந்தது. தெருவில் பிள்ளைகள் மீன் தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்வந்தார்கள். எனக்கு இந்த விண்வெளி சமாசாரமே ஆகாது. இருந்தும் சொல்கிறேன், அதுபோல் ஒரு படத்தை எங்கள் ஸ்டுடியோ அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை.

கதை இவ்வளவுதான். லெஸ்டர் என்று ஓர் ஒட்டகம். குழாய் ரிப்பேர்காரன். மூன்று மாதம் தண்ணீர் குடிக்காமல் இருப்பதாக எல்லோரிடமும் பெருமையடிப்பவன். செவ்வாய்க்குப் போகிற ராக்கெட்டில் குழாய் ஒழுகுகிறது என்று அவனை அழைக்கிறார்கள். அங்கே போனால் ஒழுகுவது ஒரே ஒரு துளி. எடை இல்லாத இடமாயிற்றே, அது கீழே விழாமல் மிதக்கிறது. லெஸ்டர் அதைப் பிடிக்கப் பார்க்கிறான். வாளி, புனல், துடைப்பம், பட்டாம்பூச்சி வலை, கடைசியில் பீரங்கி. ஒவ்வொரு முறையும் துளி தப்பிவிடும், ராக்கெட்டில் ஒரு பாகம் உடைந்துவிடும். ஆறாவது நிமிடத்தில் ராக்கெட்டே இல்லை. கருத்த வானத்தில் ஒரு குளியல் தொட்டி, அதில் ஓர் ஒட்டகம், எதிரே ஒரு துளி. இனி முடியாது என்று லெஸ்டர் கண்ணை மூடி வாயைத் திறந்துகொண்டு உட்கார, துளி தானாகவே வாய்க்குள் போகிறது. மடக்கென்று ஒரு விழுங்கு. படம் முடிந்தது.

இதை இயக்கிய எல்வுட் ஹாஸ்கெட் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். ஆனால் ஒட்டகமாகி நாற்காலியில் ஏறி நின்றால் முப்பது பேர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு கோடுகூட வரைவதற்கு முன்பே முழுப் படத்தையும் நொடி நொடியாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக் கட்டத்தாளில் எழுதிவிடுவார். தொட்டி எத்தனை நொடி ஆட வேண்டும், சத்தம் இல்லாமல் எத்தனை நொடி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கு. ஒரு தாள் கூடாது, ஒரு தாள் குறையாது. அவரை நான் மதித்தேன். என்னிடம் மதிப்பு வாங்குவது லேசில்லை.

துளியை வரைந்தது கிளிஃப் மேப்ரி. கெட்டிக்காரன், அதைவிடக் கெட்டிக்காரன் என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொள்பவன். புதிதாக ஒரு பெண்ணோடு பழக ஆரம்பித்தால் முதலில் அவளை எங்கள் படம் ஓடும் தியேட்டருக்குத்தான் கூட்டிப்போவான். அவன் பெயர் திரையில் வந்து போனதும் அவனுக்குப் படம் முடிந்துவிடும், எழுந்துவிடுவான்.

அந்தத் துளிக்கு மைக்கோடு போட்டவள் டெல்ஃபினா கிரோகா. நகரின் கிழக்கே பாயில் ஹைட்ஸ் என்ற பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கணவன் ஃப்ரெஸ்னோ பக்கம் லாரி ஓட்டப் போனவன் போனவன்தான். இரண்டு பெண் குழந்தைகள், ஒரு தாய், எல்லோருக்கும் இவள் ஒருத்தி சம்பளம். அதிகம் பேசமாட்டாள். மற்றவர்கள் கோடு போட்டால் கோடு இருக்கும். இவள் போட்டால் எங்கே மெலிய வேண்டுமோ அங்கே மெலிந்து, எங்கே தடிக்க வேண்டுமோ அங்கே தடித்து இருக்கும். துளி என்பது வெறும் கோடுதானே, கண் கிடையாது, வாய் கிடையாது. அதனால் படத்தில் உள்ள எல்லாத் துளிகளையும் இவளிடமே கொடுத்திருந்தார்கள். ஐந்து வாரம் வேறெதுவும் இல்லை, துளி, துளி, துளி.

கடைசிக் காட்சியின் தாள்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு வந்தன. வெள்ளிக்கிழமை படம் முடிந்து ஸ்டுடியோவை விட்டுப் போக வேண்டும். பாலைவனக் காற்று மூன்று நாளாக அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் காற்றில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது சடசடவென்று பொறி பறக்கும், எல்லோருக்கும் மூக்கு நுனியில் கோபம் இருக்கும். எனக்கு அது எல்லாப் பருவத்திலும் உண்டு என்பார்கள்.

துளி தனித் தாளில், ஒட்டகம் தனித் தாளில். ஒட்டகம் சரியாக இருந்தது. துளியின் முதல் தாளைப் பென்சில் படத்தின் மேல் வைத்தேன். சரி. இரண்டாவது சரி. பன்னிரண்டாவதில் துளி பென்சில் துளியைவிட்டு நகத்தளவு தள்ளி நின்றது. பதின்மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். அப்புறம் இடம் மட்டும் இல்லை, வடிவமே வேறு. அடிப்பக்கம் உப்பியிருந்தது, தலைப்பக்கம் பின்னால் சாய்ந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன். நூற்றெட்டில் அறுபத்தொரு தாள்கள் பென்சில் படத்தின்படி இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் மஞ்சள் துண்டை எடுத்துப் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்புறம் ஏனோ, எத்தனை கோணலாகப் போயிருக்கிறது பார்க்கலாம் என்று ஒன்றின் வழியாக இன்னொன்று தெரியாதபடி தாள்களை நடுவில் காகிதம் வைத்து அடுக்கி, விளக்குப் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரலால் சரசரவென்று விழவிட்டேன். துளி ஒட்டகத்தின் வாய் இருக்க வேண்டிய இடத்தை நோக்கி வந்தது. நின்றது. கொஞ்சம் பின்வாங்கியது. உடைந்த ராக்கெட்டின் துண்டுகள் மிதக்கும் பக்கம் திரும்பியது. கண் இல்லாத ஒன்று எப்படித் திரும்பிப் பார்க்கும்? பார்த்தது. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் உப்பி, வாய்க்குள் போனது.

மறுபடி விட்டுப் பார்த்தேன். பக்கத்து மேசைப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சத்தம் போட்டுச் சிரித்திருக்கிறேன். அந்த அறையில் நான் சிரித்து அவர்கள் கேட்டதில்லை.

மத்தியான மணி அடித்ததும் டெல்ஃபினாவை முற்றத்து யூகலிப்டஸ் மரத்தடிக்கு அழைத்துப் போனேன். எதற்கென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். எப்படி நடந்தது என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள். தாளைப் பொருத்தும் ஆணிகளில் ஒன்று தேய்ந்துபோயிருந்திருக்கிறது. காற்றில் தாள் இழுத்துக்கொண்டு நகர, மூன்று தாளில் துளி தள்ளி விழுந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு போடத்தான் எடுத்திருக்கிறாள். அப்போது அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் துளி தயங்கி நிற்பதுபோல் இருந்ததாம். அதைப் பார்த்த பிறகு மற்றதைப் பழையபடி போடக் கை வரவில்லையாம்.

"அஞ்சு வாரமா அது கூடவே இருக்கேன், மிஸ் ஸ்லாமா," என்றாள். "வாளிக்குத் தப்பிச்சு, வலைக்குத் தப்பிச்சு, பீரங்கிக்கே தப்பிச்சு வந்தது. கடைசில ஒரு நிமிஷம்கூட யோசிக்காம வாய்க்குள்ள போயிடுமா? அவன் மேல பாவப்பட்டுத்தான் போகுது. பாவப்படறதுக்கு ஒரு நேரம் வேண்டாமா?"

சொன்னது நியாயம். அதனால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. அவளுக்கு ஒரு வழி சொன்னேன். அறுபத்தொரு தாளையும் கொண்டுபோய் அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டு, நாளை மாலைக்குள் பென்சில்படி புதிதாகப் போட்டுக் கொடு, நான் எதையும் பார்க்கவில்லை என்றேன். பதினோரு வருடத்தில் யாருக்கும் நான் சொல்லாத வழி அது. அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்தீர்களா, எப்படி இருந்தது என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்கு வராது. நல்லா இருந்தது என்றேன். அப்படியானால் அப்படியே எழுத்துப் போட்டு அனுப்பிவிடக் கூடாதா என்று கேட்டாள். தப்புக்குக் கீழே என் எழுத்து வராது என்றேன். அதுவும் போகட்டும், அனுப்பினால் பெயர் மேப்ரிக்குத்தான் போகும், உனக்கு என்ன லாபம் என்றும் கேட்டேன்.

அவள் ரொட்டியை மடியில் வைத்தாள்.

"துண்டு எழுதினா அதுல என் பேர் வருமா?"

"வரும். யார் செஞ்சதுங்கற கட்டத்துல."

"எந்தக் காட்சி, எந்தத் தாள்னு எல்லாம் எழுதுவீங்களா?"

"எல்லாம் எழுதுவேன்."

"அப்ப எழுதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரில் மாட்டியிருப்பதைப் படித்திருக்கிறாயா என்று கேட்டேன். தினமும் அதற்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். குழந்தைகளை நினைத்துப் பார் என்றேன். அவள் மை படிந்த விரல்களை என் முன்னால் நீட்டினாள்.

"ஏழு வருஷத்துல எத்தன கோடு போட்டிருப்பேன். ஒண்ணுலகூட என் பேர் இல்ல. இது ஒண்ணு நான் செஞ்சது. தப்புன்னே எழுதுங்க, பரவாயில்ல. இவதான் செஞ்சான்னு ஒரு எடத்துல இருக்கட்டும்."

நான் எழுதினேன். முதல் கட்டத்தில், கடைசிக் காட்சி, துளி, அறுபத்தொரு தாள்கள் பென்சில் படத்தின்படி இல்லை. இரண்டாம் கட்டத்தில், டெல்ஃபினா கிரோகா. வழக்கமாக இரண்டாம் கட்டத்தில் பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் போடுவேன். அன்று முழுதாக எழுதினேன்.

முற்றத்தைத் தாண்டி ஹாஸ்கெட்டிடம் போனேன். துண்டைப் படித்துவிட்டு, அறுபத்தொன்றா என்று தலையில் கை வைத்தார். மூன்றாம் கட்டத்தில் மறுபடி செய்க என்று எழுதப் பேனாவை எடுத்தார். எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை காமிராவில் பிடித்து ஓட்டிப் பாருங்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நீ இப்படிக் கேட்டதே இல்லையே, வெர்னா."

"தேவைப்பட்டதில்ல," என்றேன்.

புதன்கிழமை மத்தியானம் படம் ஓட்டிப் பார்க்கும் சின்ன அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். ஹாஸ்கெட், நான், மேப்ரி. ஜன்னல் இல்லாத அந்த அறைக்கு வியர்வை அறை என்று பெயர். வெக்கையால் ஒரு பாதி, அங்கே உட்கார்ந்து தங்கள் வேலையைப் பார்க்கிறவர்களின் பயத்தால் ஒரு பாதி. முதலில் மேப்ரியின் பென்சில் படங்களை ஓட்டினார்கள். துளி வந்தது, வாய்க்குள் போனது, லெஸ்டர் வாயைத் திறந்தபடியே சும்மா உட்கார்ந்திருந்தான், விழுங்கினான். நன்றாகத்தான் இருந்தது. மேப்ரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு, இதில் என்ன தகராறு, பூதக்கண்ணாடிக்கு வேறு வேலை இல்லையா என்றான்.

அடுத்தது வந்தது. நான் விளக்குப் பலகையில் துளியை மட்டும்தான் பார்த்திருந்தேன், ஒட்டகத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. லெஸ்டர் கண்ணை மூடி, வாயை ஆவென்று திறந்து, வந்துவிட்டது என்ற நிம்மதியில் உட்கார்ந்திருக்கிறான். துளி வரவில்லை. அது பாட்டுக்கு நின்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அவனுக்கு அது தெரியாது. பின்வாங்குகிறது, அவன் வாய் திறந்தபடியே இருக்கிறது. உடைசல்களைத் திரும்பிப் பார்க்கிறது, அவன் வாய் திறந்தபடியே இருக்கிறது. அப்புறம் பெருமூச்சு விட்டு, அவன் விழுங்குவதற்கு இமைக்கும் நேரம் முன்னால் உள்ளே போகிறது. ஹாஸ்கெட் எழுதிய நொடிக் கணக்கில் ஒரு தாள்கூடக் கூடவில்லை. அதே ஒன்பது நொடி. ஆனால் அந்த ஒன்பது நொடிக்குள் இப்போது இரண்டு பேர் இருந்தார்கள்.

புரொஜெக்டர் ஓட்டுகிறவர் அந்தச் சின்ன ஓட்டைக்குப் பின்னாலிருந்து விழுந்து விழுந்து சிரித்தது கேட்டது. ஹாஸ்கெட் சிரிக்கவில்லை, கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டார். மறுபடி ஓட்டச் சொன்னார். நாலு தடவை ஓட்டினார்கள்.

மேப்ரியின் காலிரண்டும் தரைக்கு வந்திருந்தன. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இது நான் வரைஞ்சது இல்ல," என்றான்.

தெரியும் என்றார் ஹாஸ்கெட். யார் என்று மேப்ரி கேட்டான். நான் துண்டைப் பார்த்து அவள் பெயரைப் படித்தேன். யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. ஐந்து வாரமாக அவன் துளிகளை எல்லாம் தொட்டவள், அவளை அவன் பார்த்ததே இல்லை. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னான். அது ஓடி முடிந்ததும், நான் இதை நினைத்திருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டான். கோபமா, வெட்கமா, எனக்குப் பிடிபடவில்லை.

ஹாஸ்கெட் துண்டை முழங்காலில் வைத்து மூன்றாம் கட்டத்தை நிரப்பினார். மறுபடி செய்ய வேண்டியதில்லை என்று முதல் வரி. அதற்குக் கீழே பொடி எழுத்தில், கோடு போட்டவரைத் திங்கட்கிழமை முதல் வரைவுக் கட்டடத்துக்கு மாற்றுக என்று இன்னொரு வரி. முதலாளி இதைப் படித்தால் இரண்டாவது வரி நடக்காது என்பதோடு முடியாது. நீர்யானை ஞாபகத்துக்கு வரும், சுவர் அறிவிப்பு ஞாபகத்துக்கு வரும், டெல்ஃபினா அன்றே வீட்டுக்குப் போவாள். அதைச் சொன்னேன். நீயும் கூட வா என்றார்.

மிஸ்டர் கிரிம்ஷா டெலிபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ குதிரைப் பந்தயம் பேசிக்கொண்டிருந்தார். மஞ்சள் துண்டைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை படம் போகுமா போகாதா என்று கேட்டார். போகும் என்றார் ஹாஸ்கெட். ஏதாவது மறுபடி செய்ய வேண்டுமா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று நான் சொன்னேன். என் வாயிலிருந்து அந்தப் பதில் வருவது அவருக்கு அபூர்வம். சந்தோஷமாகக் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் குதிரைக்குத் திரும்பினார். இரண்டாவது வரியை அவர் படிக்கவில்லை. முதல் வரியையாவது படித்தாரா என்பதே சந்தேகம்.

டெல்ஃபினாவிடம் போய்ச் சொன்னேன். வேலை போகவில்லை, திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்றேன். மைப் பேனாவை மைப்புட்டியில் வைத்துவிட்டு, விரல் நுனி வெட்டிய வெள்ளைக் கையுறையோடேயே முகத்தை மூடிக்கொண்டாள். எழுந்தபோது கன்னத்தில் மை. நான் அதைச் சொல்லவில்லை. அன்று முழுவதும் அந்த மையோடேயே இருந்தாள்.

வியாழக்கிழமை. எல்லாம் முடிந்து, படத்தின் தலைப்பு அட்டை மட்டும் பாக்கி. அதுதான் எப்போதும் கடைசியாக வரும். கருநீல வானம், அதன்மேல் வெள்ளை எழுத்தில் படத்தின் பெயர், இயக்குநர் பெயர், வரைந்தவர்கள் என்று மூன்று பெயர்கள். இந்த எழுத்துகளைத் தீட்டும் எழுத்துக்காரரின் உதவிப் பையன் கொண்டுவந்து போடுவது வழக்கம். அன்று கொண்டுவந்தது மேப்ரி. ஆண்கள் எங்கள் கட்டடத்துக்குள் வருவதில்லை. முப்பது பெண்களும் பேனாவை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். கழுத்துப்பட்டை இல்லாமல், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கையிலே வெள்ளை வண்ணம் ஒட்டியபடி வந்தான். அட்டையை என் மேசையில் வைத்தான்.

"இன்னும் சரியா காயல. பாத்து எடு," என்றான்.

முதலாளி கையெழுத்திட்ட பெயர்ப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். படத்தின் பெயர் சரி. இயக்குநர் பெயர் சரி. வரைந்தவர்களில் முதல் பெயர் சரி, இரண்டாம் பெயர் சரி. மூன்றாவது இடத்தில் பட்டியலில் கிளிஃப் மேப்ரி என்று இருந்தது. அட்டையில் எழுத்துப் பிசகாமல் டெல்ஃபினா கிரோகா என்று இருந்தது. மூன்றாவது வரி மட்டும் எழுத்துக்காரர் கைவேலை இல்லை என்பதும் தெரிந்தது, கொஞ்சம் மேல்நோக்கி ஏறியிருந்தது.

தலையைத் தூக்கி அவனைப் பார்த்தேன். அவன் என் மேசை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாப்பது படத்துல பாத்தாச்சு என் பேர," என்றான். "துண்டு எழுதறதுன்னா எழுது, பூதக்கண்ணாடி. யார் செஞ்சதுங்கற கட்டத்துல என்னப் போடு."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆண்களில் ஒருவனைக் கூட எனக்கு அதுவரை முழுசாகப் பிடித்ததில்லை.

பட்டியல் ஒன்று சொல்கிறது, அட்டை ஒன்று சொல்கிறது. இதைவிடத் தெளிவான தப்பு என் மேசைக்கு வந்ததில்லை. மஞ்சள் துண்டுகள் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தன. காமிராக்காரர் வாசலில் நின்றுகொண்டு, ஆயிற்றா என்று கேட்டார். அட்டையின் ஓரத்தில் என் இரண்டு எழுத்துகளையும் போட்டேன். இரண்டும் நேராகவே விழுந்தன.

அட்டையைக் கொடுக்க எழுந்த நேரத்தில் டெல்ஃபினா மைப்புட்டி நிரப்ப அந்த வழியாக வந்தாள். போகிற போக்கில் அட்டையைப் பார்த்தாள், இரண்டடி தாண்டிப் போனாள், திரும்பி வந்தாள். மூன்றாவது வரிக்கு நேராகக் குனிந்தாள். அப்புறம் யாருக்கும் கேட்காதபடி என் காதருகில் வந்து சொன்னாள்.

"மிஸ் ஸ்லாமா, இதுல ஒரு தப்பு இருக்கு."

நான் அட்டையை விளக்கடியில் பிடித்து, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக, அவள் கண்ணெதிரே மறுபடி பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றேன்.